எங்க நாய் சீனிக்கு பிரவெக்டோ உண்ணி மாத்திரை: ஒரு வருஷத்துக்கு மேல, ஆறு டோஸ், என் அனுபவம்

ஆறாவது மாத்திரை நேத்து ராத்திரி குடுத்தாச்சு. இதுக்கு மேல தள்ளிப்போட வேணாம்னு எழுத உக்காந்துட்டேன், ஏன்னா நாய் வளர்க்கற யாரப் பாத்தாலும் இதத்தான் கேக்கறாங்க, அந்த பிரவெக்டோ நிஜமா வேலை செய்யுதா, அவ்ளோ காசு குடுத்து வாங்கணுமா, ஃபிட்ஸ் வரும்னு சொல்றாங்களே அது உண்மையான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் எனக்கு தெரிஞ்சத முழுசா ஒரே எடத்துல எழுதிடறேன்.

அவசரத்துல இருக்கறவங்களுக்கு முதல்லயே சொல்லிடறேன். வாங்கலாம். உங்க டாக்டர் கிட்ட கேட்டுட்டு, நாய எடை போட்டுட்டு வாங்கலாம். ஆனா மாத்திரைய மட்டும் குடுத்துட்டு வீட்ட அப்படியே விட்டா பாதி வேலை தான் ஆகும். அது ஏன்னு புரியணும்னா எங்க வீட்டு கதைய கொஞ்சம் சொல்லணும்.

சீனி நாட்டு நாய். பெரம்பூர்ல எங்க தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட மழையில நனைஞ்சு நடுங்கிட்டு இருந்த குட்டி, ஒரு ராத்திரிக்கு மட்டும்னு அம்மாகிட்ட சொல்லி தான் தூக்கிட்டு வந்தேன். அம்மாக்கு நாய்ன்னாலே பயம், சின்ன வயசுல கடி வாங்கி தொப்புள சுத்தி 14 ஊசி போட்டுக்கிட்டவங்க, அந்த காலத்துல அப்படித்தான் போடுவாங்க, அந்த வலிய இன்னிக்கும் சொல்லுவாங்க. வாசப்படிய தாண்டி உள்ள வரக்கூடாதுன்னு கண்டிஷன் போட்டாங்க. மூணாவது நாள் காலைல நான் எந்திரிச்சு வந்து பாக்கறேன், குட்டி அம்மாவோட முந்தானை மேல சுருண்டு தூங்குது, அம்மா காபி கூட போடாம அசையாம தரையில உக்காந்திருக்காங்க, "தூங்குதுடி, சத்தம் போடாத"ன்னு கண்ணாலயே சொல்றாங்க. அன்னிலேர்ந்து அது எங்க வீட்டு பொண்ணு. வெல்லமும் சர்க்கரையும் கலந்த மாதிரி ஒரு கலர், அதனால சீனி.

நாய் வளர்க்கறதுல இருக்கற சந்தோஷத்த எழுத்துல சொல்றது கஷ்டம். எங்க தெருவுல என் வண்டி மாதிரியே நாலு வண்டி இருக்கு, ஆனா என் வண்டி முனை திரும்பும்போது மட்டும் தான் அவ எந்திரிச்சு கேட்டுக்கு வருவா, அம்மா அத பாத்துட்டு தான் தோசைக்கல்ல அடுப்புல வைப்பாங்க. நான் செருப்ப கழட்டினதும் எடது கால் செருப்ப மட்டும் தூக்கிட்டு போய் அது மேல தாடைய வச்சு படுத்துப்பா, வலது கால் செருப்ப இது வரைக்கும் தொட்டதே இல்ல. கஷ்டமும் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். நானும் அம்மாவும் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்கு போய் மூணு வருஷம் ஆகுது, ஒருத்தர் போனா ஒருத்தர் வீட்ல இருக்கணும். தீபாவளிக்கு ரெண்டு நாளும் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல புகுந்துப்பா, நான் பக்கத்துலயே உக்காந்து தடவி குடுத்துட்டே இருப்பேன், பலகாரம் எல்லாம் அப்புறம் தான். இதெல்லாம் பழகிடுச்சு. எங்கள நிஜமா ஒடச்சது உண்ணி தான்.

உண்ணின்னா முதல்ல நாங்க பெருசா எடுத்துக்கல, நாய்ன்னா உண்ணி இருக்கத்தான் செய்யும்னு நெனச்சோம். சாயங்காலம் அம்மா மடியில போட்டு காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில, அக்குள், வால் ஆரம்பிக்கற எடம்னு தேடி எடுப்பாங்க, ஒரு டம்ளர்ல சோப்பு தண்ணி வச்சு அதுல போடுவாங்க. ரத்தம் குடிச்சு ஊதினது கொட்டமுத்து மாதிரி சாம்பல் கலர்ல இருக்கும், அத பாத்துடலாம். குட்டி உண்ணி கசகசா சைஸ் தான், கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பாத்தாலும் அகப்படாது. ஒரு நாளைக்கு பத்து, பதினஞ்சு எடுப்போம், மறுநாள் திரும்பவும் அதே பத்து, பதினஞ்சு இருக்கும். இது எங்கேர்ந்து வருது, வாக்கிங் போற எடத்துல தான் ஏறுதுன்னு நெனச்சு வாக்கிங்க கூட நிறுத்தி பாத்தோம், அப்பவும் குறையல.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயி டார்ச் அடிக்கும்போது தான் பாத்தேன். ஹால்ல சுவிட்ச் போர்டுக்கு மேல சுவர்ல வரிசையா ஏறிட்டு இருக்கு. சுவிட்ச் போர்டு ஓரத்துல ஒரு விரிசல், அதுக்குள்ள போகுது வருது. எனக்கு வயித்துல புளிய கரைச்சுது. அப்புறம் தான் இதப்பத்தி படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன், நம்ம ஊர் நாய்ங்க மேல அதிகமா பாக்கற பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளயே குடும்பம் நடத்தற ஜாதி. முட்டையிலேர்ந்து வந்த குஞ்சு, அடுத்த பருவம், பெரிய உண்ணின்னு மூணு தடவை ரத்தம் குடிக்குது, மூணு தடவையும் அதுக்கு நாய் தான் வேணும், ஒவ்வொரு தடவையும் குடிச்சு முடிச்சுட்டு கீழ விழுந்து சுவர் இடுக்குல, கால்மிதிக்கு அடியில, பிரம்பு நாற்காலி முடிச்சுல ஒளிஞ்சுக்கும். பெண் உண்ணி ஒண்ணே ஆயிரக்கணக்குல முட்டை போடும். தீனி இல்லாம மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அப்போ நாங்க தினமும் டம்ளர்ல போட்டது வெறும் மேல தெரிஞ்சது மட்டும் தான், மிச்சம் மொத்தமும் சுவருக்குள்ள இருந்திருக்கு.

மாத்திரைக்கு முன்னாடி நாங்க என்னெல்லாம் பண்ணோம்னு சொல்றேன், இதே வழியில போறவங்களுக்கு உதவும். ஆன்லைன்ல மூலிகை ஸ்ப்ரேன்னு ஒண்ணு வாங்கினேன், கடை பேர் வேணாம், நல்ல வாசனை வந்துச்சு, உண்ணி அப்படியே இருந்துச்சு. வேப்பெண்ணெய் தடவினோம், ரெண்டு நாள் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருந்துச்சு, வீடு முழுக்க அந்த கசப்பு நெடி, சீனி நக்கி நக்கி வாந்தி எடுத்தா. பவுடர் போட்டோம், அது உடம்புல நின்னா தானே, ஒரு தடவை ஒதறினா காத்துல போயிடுது. பக்கத்து வீட்டு அக்கா மண்ணெண்ணெய் தடவ சொன்னாங்க, அவங்க நல்ல எண்ணத்துல தான் சொன்னாங்க, தயவு செஞ்சு அத மட்டும் யாரும் பண்ணாதீங்க, தோல் வெந்துடும், நக்கினா உள்ளயும் போயிடும். தீக்குச்சி வச்சு சுடறது, கையால நசுக்கறது இதுவும் வேணாம். சின்ன இடுக்கி வச்சு தோலோட ஒட்டி புடிச்சு நேரா இழுக்கணும், அவ்ளோ தான்.

அந்த ஆனி மாசம் சீனி சாப்பாட்ட முகந்து பாத்துட்டு திரும்பி படுத்துக்கிட்டா. ஈரல் போட்டு சோறு பெசைஞ்சா தட்டயே நக்கி பளபளன்னு ஆக்கறவ, அன்னிக்கு எங்கள பாத்து வாலு மட்டும் லேசா ஆட்டினா, எந்திரிக்கல. பக்கத்துல ஒரு கிளினிக் போனோம், வெயில் சூடும்மா, ஒண்ணும் இல்லன்னு ஒரு ஊசி போட்டு அனுப்பினாங்க. ரத்தம் எடுக்கல, உண்ணி இருக்கான்னு கேக்கல. மறுநாளும் போனோம், இன்னொரு ஊசி. இந்த மூணு நாள நெனச்சா எனக்கு இன்னும் ஆறல, ஏன்னா நானும் சரின்னு கேட்டுட்டு வந்துட்டேன், டெஸ்ட் எடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நாலாவது நாள் விடியக்காலைல வெள்ளை டைல்ஸ்ல சொட்டு சொட்டா சிவப்பா இருக்கு, ஹால்லேர்ந்து சமையக்கட்டு வரைக்கும். அம்மா குங்குமம் கொட்டிடுச்சுன்னு நெனச்சு தொடைக்க துணி எடுத்துட்டு வந்துட்டாங்க. பாத்தா சீனி மூக்குலேர்ந்து ரத்தம்.

ரெண்டு ஆட்டோ நாய்ன்னதும் போயிடுச்சு, மூணாவது அண்ணன் எதுவும் கேக்காம "ஏறுங்கம்மா, துணி வச்சிருக்கீங்கள்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு வேப்பேரிக்கு விட்டாரு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிய பத்தி இங்க சொல்லியே ஆகணும். 1903ல ஆரம்பிச்ச காலேஜ், மெட்ராஸ்ல வளர்ந்தவங்களுக்கு அது என்னிக்கும் இருக்கற எடம். கூட்டம் இருக்கும், காத்திருக்கணும், ஆனா அன்னிக்கு மூக்குல ரத்தம்னு சொன்னதும் எங்கள முன்னாடி விட்டாங்க, வரிசையில பூனைய துண்டுல சுத்தி வச்சிருந்த ஒரு பெரியவர் அவரே எந்திரிச்சு எடம் விட்டாரு. டாக்டரம்மா சீனி மேல்உதட்ட தூக்கி ஈறு மேல கட்டைவிரல அழுத்தி எடுத்தாங்க. நல்லா இருக்கற நாய்க்கு அழுத்தின எடம் வெள்ளையாகி ரெண்டு செகண்டுக்குள்ள திரும்ப ரோஸ் கலர் ஆயிடணும். சீனிக்கு அழுத்தறதுக்கு முன்னாடியே ஈறு வெளுத்து போய் இருந்துச்சு. ஜுரம் 104. நாய்க்கு சாதாரணமாவே 101, 102 இருக்கும்ங்கறது பல பேருக்கு தெரியாது, தொட்டு பாத்து ஜுரம்னு சொல்ல முடியாது, தெர்மாமீட்டர் வேணும்.

"வீட்ல உண்ணி இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. "இருக்கு டாக்டர், தினமும் எடுத்துடுவோம்"னு சொன்னேன். "எடுக்கறது போதாதும்மா, நீங்க பத்து எடுக்கற நேரத்துல சுவத்துல ஆயிரம் பொரிஞ்சிட்டு இருக்கும்"னாங்க. கோபமா சொல்லல, ரத்தம் எடுத்துக்கிட்டே சாதாரணமா சொன்னாங்க, எனக்கு தான் சுருக்குன்னு இருந்துச்சு.

எர்லிக்கியா. உண்ணி கடிக்கும்போது உள்ள போற பாக்டீரியா, வெள்ளை அணுக்குள்ள போய் உக்காந்துக்கும், ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட்ட கீழ தள்ளும். நல்லா இருக்கற நாய்க்கு ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்க வேண்டியது சீனிக்கு 28 ஆயிரம். இன்னொரு வகை இருக்கு, பபேசியா, அது சிவப்பு அணுவ உடைக்கும், மூத்திரம் டிக்காஷன் கலர்ல போகும், அதுக்கு மருந்து வேற. ரெண்டும் சேர்ந்தும் வரலாமாம். அதனால தான் ஸ்மியரும் (ஒரு சொட்டு ரத்தத்த கண்ணாடியில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கறது) ரத்த அணு கணக்கும் பாக்காம குத்துமதிப்பா ஊசி போடறது ஆபத்து. இன்னும் எறங்கினா ரத்தம் ஏத்த வேண்டி வரும்னு சொன்னாங்க, அங்க நாய்க்குன்னே ரத்த வங்கி இருக்குன்னு எனக்கு அன்னிக்கு தான் தெரியும். நல்ல வேளையா அது தேவைப்படல. டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாட்டிக் 28 நாள். வெறும் வயித்துல குடுக்காதீங்க, மாத்திரை தொண்டையில ஒட்டினா புண்ணாகும், சாப்பாட்டோட குடுத்து தண்ணி குடிக்க வைங்கன்னு சொன்னாங்க. அம்மா அந்த 28 நாளும் அலாரம் வச்சு குடுத்தாங்க. மூணாவது நாள் தட்டுகிட்ட வந்து ரெண்டு வாய் சாப்பிட்டா, அம்மா முந்தானைய வாயில பொத்திக்கிட்டு அழுதாங்க. பத்தாவது நாள் பிளேட்லெட் ஒன்றரை லட்சம் தாண்டிடுச்சு. பாதியில நல்லாயிட்டான்னு நிறுத்திடாதீங்கன்னு டாக்டர் திரும்ப திரும்ப சொன்னாங்க, ஏன்னா கிருமி அமைதியா உள்ள தங்கி மாசக்கணக்குல கழிச்சு திரும்ப கிளம்பலாம்.

நடுவுல ஒரு விஷயம். சொந்தக்காரங்க நிறைய பேர் "உண்ணிக் காய்ச்சல் மனுஷனுக்கும் வருதாமே, நாய விட்டுடுங்க"ன்னு போன் பண்ணாங்க. பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு வர்றது பெரும்பாலும் ஸ்கரப் டைஃபஸ், அது புதர்ல இருக்கற ரொம்ப சின்ன பூச்சியோட குஞ்சு கடிச்சு வர்றது, சீனிக்கு வந்தது வேற கிருமி, வேற பூச்சி. பேர் ஒண்ணா இருக்கறதால எத்தனையோ நாய்ங்கள தெருவுல விட்டுடறாங்க. யார் கேட்டாலும் பொறுமையா இத எடுத்து சொல்லுங்க. ஆனா நாய் உண்ணியும் மனுஷன கடிக்கும், அது நல்லதில்ல, அதனால உண்ணிய ஒழிக்கறது நம்ம உடம்புக்கும் சேர்த்து தான்.

இப்போ மாத்திரைக்கு வர்றேன். அந்த ஆஸ்பத்திரி சீட்டுலயே எழுதி குடுத்தாங்க. பிரவெக்டோ உள்ள இருக்கற மருந்து பேரு ஃப்ளூராலனர். 2014லேர்ந்து உலகத்துல விக்கறாங்க. மென்னு திங்கற மாதிரி பழுப்பு கலர்ல தடியா ஒரு துண்டு, கறி வாசனை அடிக்கும். ஒரு மாத்திரை 12 வாரம். மருந்து ரத்தத்துல கலந்து தோல் வரைக்கும் போயிடும், உண்ணி கடிச்சு குடிக்கும்போது அதோட நரம்பு மண்டலம் கட்டுப்பாடு இல்லாம வேலை செஞ்சு செத்துடும். நாய், மனுஷன் மாதிரி பாலூட்டிகள விட பூச்சி, உண்ணி நரம்புல தான் இந்த மருந்து ரொம்ப பலமா ஒட்டும், அதனால தான் குடுக்க முடியுது. தெள்ளுப்பூச்சியும் இதுலயே போயிடும். சில வகை சொறிக்கும் டாக்டருங்க இத குடுக்கறாங்க.

எடை தான் முக்கியம். 2 கிலோலேர்ந்து 4.5, 4.5லேர்ந்து 10, 10லேர்ந்து 20, 20லேர்ந்து 40, 40லேர்ந்து 56, இப்படி அஞ்சு அளவுல வருது, அட்டை கலர் ஒவ்வொண்ணுக்கும் வேற. சீனி 17 கிலோ, அவளுக்கு 10லேர்ந்து 20, 500 மில்லிகிராம். பெரிய மாத்திரை வாங்கி ரெண்டா வெட்டி ரெண்டு நாய்க்கு குடுத்தா காசு மிச்சம்னு சில பேர் பண்றாங்க, அட்டையிலயே உடைக்கக்கூடாதுன்னு தான் போட்டிருக்கு, முழுசா போகணும். வீட்ல எடை பாக்கறது ஈஸி, நான் நாய தூக்கிட்டு மெஷின்ல நிப்பேன், அப்புறம் நான் மட்டும் நிப்பேன், கழிச்சா அவ எடை. கர்ப்பமா இருக்கறது, குட்டி போட்டது, ரொம்ப சின்ன குட்டி, ஏற்கனவே ஃபிட்ஸ் வந்த நாய், இவங்களுக்கு கண்டிப்பா டாக்டர் சொன்னா தான்.

முதல் டோஸ் ராத்திரி சாப்பாட்டோட குடுத்தேன். வெறும் வயித்துல வேணாம், சாப்பாட்டோட போனா தான் நல்லா உடம்புல சேரும். கையில நீட்டினேன், முகந்து பாத்துட்டு ரெண்டே கடி, முடிஞ்சுது. ராத்திரி பூரா எனக்கு தூக்கம் இல்ல, நடுநடுவுல எந்திரிச்சு மூச்ச பாத்துட்டே இருந்தேன். காலைல அவ படுத்திருந்த கோணிய ஒதறினேன், பொல பொலன்னு விழுந்துச்சு. எண்ணினேன், 31. எல்லாம் காஞ்சு கால மடக்கிக்கிட்டு கெடக்கு. காது மடிப்ப திறந்து பாத்தா ஒட்டிட்டு இருந்ததும் தொட்டதும் உதிருது. மூணாவது நாள் உடம்புல ஒண்ணு கூட இல்ல. எத்தனையோ மாசம் கழிச்சு அன்னிக்கு சாயங்காலம் அம்மா மடியில வச்சு சும்மா தடவி மட்டும் குடுத்தாங்க, தேடல, சீனி காதெல்லாம் தளர விட்டு தூங்கிட்டா.

ஆனா பத்து நாள்ல திரும்ப ரெண்டு, மூணு உண்ணி. நான் பயந்து போய் கேட்டதுக்கு தான் டாக்டரம்மா விளக்கினாங்க, இந்த மாத்திரை உண்ணிய விரட்டாது, ஏற விட்டு கடிச்ச அப்புறம் தான் கொல்லும். சுவருக்குள்ள இருக்கறது ஒவ்வொண்ணா வெளிய வந்து ஏறும், ஏறினது செத்து விழும். சீனி மேல ஏற ஏற வீட்ல இருக்கறது குறையும். அதனால உண்ணிய பாத்த உடனே மாத்திரை போலின்னு முடிவு பண்ணாதீங்க, அது உயிரோட ஊதி இருக்கா, காஞ்சு இருக்கான்னு பாருங்க. உண்ணி சாக அர நாளோ, சில சமயம் அதுக்கு மேலயோ ஆகலாம், அதுக்குள்ள கிருமி உடம்புல எறங்க வாய்ப்பு இருக்கு, அதனால மாத்திரை குடுத்துட்டா டிக் ஃபீவர் (சீனிக்கு வந்த மாதிரி உண்ணியால வர்ற காய்ச்சல்) வரவே வராதுன்னு யாரும் உறுதி குடுக்க முடியாது. என் பார்வையில இந்த மாத்திரையோட நிஜமான குறை இது தான். உண்ணி ரொம்ப மோசமா இருக்கற எடத்துல சில டாக்டருங்க கூடவே விரட்டற மாதிரி கழுத்துப்பட்டையோ முதுகுல விடற சொட்டு மருந்தோ சேர்த்து சொல்லுவாங்க, அதையும் கேட்டுக்கோங்க. வீட்ல பூனை இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, நாய்க்கு விடற சொட்டு மருந்து சிலதுல பெர்மெத்ரின்ங்கற பூச்சி மருந்து இருக்கும், பூனைக்கு அது விஷம்.

அதனால வீட்டையும் பாத்தோம். ரெண்டு ஞாயித்துக்கிழமை முழுசா போச்சு. சுவிட்ச் போர்டு ஓரம், கதவு நிலைக்கும் சுவத்துக்கும் நடுவுல, ஜன்னல் கட்டைக்கு கீழ, எல்லா விரிசலையும் ஒயிட் சிமெண்ட் வச்சு அடைச்சோம், உள்ள மருந்து அடிச்சுட்டு தான் அடைச்சோம், அன்னிக்கு சீனிய மொட்டமாடியிலயே வச்சிருந்தோம், தரை நல்லா காயற வரைக்கும் கீழ விடல. அவளோட கோணிய தூக்கி போட்டுட்டு பழைய பெட்ஷீட்டா மாத்தினோம், வாரா வாரம் கொதிக்கற தண்ணியில முக்கி வெயில்ல போடறது. பிரம்பு நாற்காலிய தூக்கி குடுத்துட்டோம், அது அப்பா வாங்கினது, அம்மாக்கு மனசு இல்ல, ஆனா முடிச்சு முடிச்சா உள்ள இருந்துச்சு, வேற வழி இல்ல. மூணாவது மாத்திரை முடியறப்போ சுவத்துல ஒண்ணு கூட பாக்க முடியல. இப்போ ஆறாவது, வாக்கிங் போயிட்டு வந்தா எப்பவாவது ஒண்ணு, அவ்ளோ தான்.

பக்க விளைவு பத்தி ஒளிக்காம சொல்றேன். சீனிக்கு ரெண்டாவது டோஸ்ல மறுநாள் வயிறு கொஞ்சம் இளகிப் போச்சு, தயிர் சாதத்தோட சரியாயிடுச்சு. மிச்ச அஞ்சுலயும் ஒண்ணும் இல்ல. ஃபிட்ஸ் விஷயம் வெறும் வதந்தி இல்ல, 2018ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, பிரவெக்டோ சேர்ந்த ஐசாக்ஸசோலின் வகை மருந்து எல்லாத்துக்கும் சேர்த்தே ஒரு எச்சரிக்கை குடுத்தாங்க, சில நாய்க்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம்னு. அதே அறிக்கையில பெரும்பாலான நாய்க்கு பாதுகாப்பானது தான்னும் சொல்லி இருக்காங்க. அதனால முதல் டோஸ நீங்க வீட்ல இருக்கற நாள்ல குடுங்க, குடுத்துட்டு ஊருக்கு போயிடாதீங்க. மருந்து 12 வாரம் உடம்புலயே இருக்கும், ஒத்துக்கலன்னா உடனே வெளிய எடுக்க வழி இல்ல. பயமா இருக்கறவங்களுக்கு இதே வகையில மாசம் ஒரு மாத்திரை குடுக்கற மாதிரியும் இருக்கு, முதல்ல அத குடுத்து ஒத்துக்குதான்னு பாத்துட்டு இதுக்கு மாறறவங்களும் இருக்காங்க, டாக்டர் கிட்ட பேசுங்க.

விலை வலிக்கத்தான் செய்யும். நான் வாங்கற அளவு ரெண்டாயிரத்த ஒட்டி வருது, கடைக்கு கடை மாறுது. மாச சம்பளத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவை இத ஒதுக்கறது எங்களுக்கு சின்ன விஷயம் இல்ல, நான் மாசா மாசம் எழுநூறு ரூபா தனியா ஒரு டப்பாவுல போட்டுடுவேன். ஆனா அந்த ஆனி மாசம் கிளினிக்கு, டெஸ்ட்டு, டிரிப்ஸு, ஆட்டோ, நான் போட்ட லீவு எல்லாம் கூட்டி பாத்தா இந்த ஆறு மாத்திரை காச விட அதிகம், அம்மா அழுதத எந்த கணக்குல போடறது. ரெண்டு, மூணு நாய் வளர்க்கறவங்களுக்கு, தெரு நாய்ங்கள பாத்துக்கறவங்களுக்கு இந்த விலை கட்டுப்படியாகாதுங்கறது நிஜம், எங்க தெருவுல சோறு போடற அக்காவுக்கு நாங்க நாலு வீடு சேர்ந்து காசு போட்டு ரெண்டு நாய்க்கு வாங்கி குடுத்தோம், அதுக்கப்புறம் சீனிக்கும் வெளியேர்ந்து ஏறறது குறைஞ்சுது. வாங்கும்போது எக்ஸ்பைரி தேதி பாருங்க, பேக் பிரிக்காம இருக்கா பாருங்க, பாதி விலைக்கு தர்றேன்னு சொல்ற ஆன்லைன் எடத்துல வாங்க வேணாம், டாக்டர் சீட்ட காட்டி கடையில வாங்குங்க.

5க்கு 4 மார்க் குடுக்கறேன். அந்த ஒரு மார்க் கடிச்ச அப்புறம் தான் கொல்லுதுங்கறதுக்கும் விலைக்கும் சேர்த்து. உண்ணி எடுக்கறத நாங்க இன்னும் நிறுத்தல, வாக்கிங் முடிஞ்சதும் காதும் விரல் இடுக்கும் பாப்போம், வாரம் ஒரு தடவை உதட்ட தூக்கி ஈறு கலர் பாப்போம், சீனிக்கு அது பழகி அவளே வாய திறந்து காட்டறா. சாப்பாட்ட ஒரு வேளை விட்டா காத்திருப்போம், ரெண்டு வேளை விட்டா ரத்தம் எடுக்க கிளம்பிடுவோம், இனிமே வெயில் சூடுன்னு யார் சொன்னாலும் கேக்கறதா இல்ல.

அடுத்த டோஸ் 84 நாள் கழிச்சு. அம்மா தினசரி காலண்டர்ல அந்த தேதி தாள மடிச்சு, பென்சில்ல "சீனி மாத்திரை"ன்னு எழுதி வச்சிருக்காங்க. அதுக்கு முந்தின நாள் தாள்ல "எடை பாக்கணும்"னு எழுதி இருக்காங்க, ஏன்னா இப்போ நல்லா சாப்பிட்டு 19 கிலோ ஆயிட்டா, 20 தாண்டினா அட்டை கலர் மாறிடும்.